முதல் கோழி சாகும் நாள்

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்ற கோழிகள் குப்பையைக் கிளறப் பறந்தோட, ஒன்று மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். தீனியைத் தொடாது. கண் பாதி மூடியிருக்கும், வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், கழிவது பச்சையும் வெள்ளையுமாக இருக்கும். மறுநாள் அது செத்துக் கிடக்க, பக்கத்து வீட்டிலும் இரண்டு கோழிகள் தூங்கி விழும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். தானியத்தைக் கொத்தப் போனால் குறி தவறி மண்ணைக் கொத்தும். ஒரு வாரம், பத்து நாளில் தெருவில் சேவல் கூவும் சத்தமே நின்றுவிடும்.

ஊர்ப்புறத்தில் இதை வெள்ளைக்கழிச்சல் என்கிறார்கள். கால்நடைத் துறையின் அறிவிப்புகளில் கோழிக்கழிச்சல். மருத்துவர்கள் இராணிக்கெட் என்பார்கள், வெளிநாட்டு நூல்களில் நியூகாசில் நோய். எல்லாம் ஒரே வைரஸின் வேலை. தடுப்பூசி இல்லாத கோழிக் கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு, சில சமயம் நூறும் போய்விடும்.

இந்த நோயை உலகம் அறிந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல தடுப்பூசி கைக்கு வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களில் அது இலவசமாகவே போடப்படுகிறது. இருந்தும் புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் வீடுகளில் ஆண்டுக்கொரு முறை கூடு காலியாவது நிற்கவில்லை. மருந்து இல்லாததோ அறிவியல் போதாததோ இதற்குக் காரணம் அல்ல. முதல் கோழி சாகும் அன்று நடக்கும் காரியங்களும், அதற்கு முந்தைய மாதங்களில் நடக்காமல் போன காரியங்களுமே காரணம்.

வரலாற்றில் இந்த நோய் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மூன்று இடங்களில் பதிவானது. 1926ஆம் ஆண்டு ஜாவா தீவில் கோழிகள் கொத்துக் கொத்தாக மடிந்ததைக் கிரானவெல்ட் என்ற டச்சு மருத்துவர் பதிவு செய்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் துறைமுக நகரை ஒட்டிய பண்ணைகளிலும் அதே போன்ற சாவு. அதை ஆராய்ந்த டாயில் என்பவர், இது வழக்கமான கோழிக் கொள்ளை நோய் அல்ல, வேறொரு வைரஸ் என்று 1927இல் நிறுவி, ஊரின் பெயரையே நோய்க்குச் சூட்டினார். கிழக்கிலிருந்து வந்த கப்பல்கள் வழியே அது வந்து இறங்கியிருக்கலாம் என்ற கருத்து அப்போதே எழுந்தது. ஏறக்குறைய அதே சமயம் நம் நாட்டில், குமாவுன் மலைப்பகுதியின் ராணிகேத்தில் கோழிகள் சாகத் தொடங்கின. அருகிலுள்ள முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்து எழுதினார். இன்று நம் கால்நடை மருத்துவர்கள் புழங்கும் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

தடுப்பூசிக்கான வழி திறந்தது 1940களில். கொடிய வைரஸை அடைமுட்டைக்குள் வளரும் கருவில் செலுத்தி, அங்கிருந்து எடுத்து அடுத்த முட்டைக்கு, பிறகு அதற்கடுத்த முட்டைக்கு என்று திரும்பத் திரும்பக் கடத்தினால் அதன் வீரியம் படிப்படியாகக் குறைகிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அய்யர் என்ற இந்திய ஆய்வாளர் டாப்சன் என்பவருடன் சேர்ந்து இங்கிலாந்து வைரஸை இப்படித் தணித்து 1940இல் முடிவை வெளியிட்டார். முக்தேஸ்வரிலும் இதே முறையில் இந்திய வைரஸ் ஒன்று தணிக்கப்பட்டது. இன்றும் எட்டு வாரக் கோழிக்குத் தோலுக்கடியில் போடுகிறார்களே, ஆர்.2.பி. ஊசி, அது அந்த முக்தேஸ்வர் வழியில் வந்தது. குஞ்சுகளின் கண்ணில் சொட்டு விடும் லசோட்டா அமெரிக்காவில் நியூஜெர்சிப் பண்ணை ஒன்றின் கோழிகளில், 1940களிலேயே கண்டெடுக்கப்பட்ட, இயற்கையிலேயே சாதுவான வைரஸ்.

இயற்கையிலேயே சாதுவானது என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நோயறிதலின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரே வைரஸ் குடும்பத்தில் கோழிக்குச் சளி கூடப் பிடிக்காத வகையும் உண்டு, மூன்று நாளில் கொல்லும் வகையும் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வைரஸின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. கோழியின் உயிரணுவோடு வைரஸ் ஒட்டி உள்ளே புக அந்தப் புரதம் முதலில் ஓரிடத்தில் வெட்டப்பட வேண்டும். வெட்டுவது கோழியின் உடலில் உள்ள நொதிதான். வெட்டுமிடத்தைப் பூட்டு என்றும் நொதியைச் சாவி என்றும் கொண்டால், சாதுவான வகையின் பூட்டுக்குப் பொருந்தும் சாவி கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே கிடைக்கிறது. அதனால் அந்த வைரஸ் அங்கேயே தங்கிவிடுகிறது. கொடிய வகையில் வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கோழியின் எல்லா உறுப்புகளிலும் உண்டு. எனவே மூளை, நுரையீரல், குடல், கருப்பை என்று அது போகாத இடமில்லை.

இந்தச் சிறு மாற்றம் என்ன செய்யும் என்பதை ஆஸ்திரேலியா 1998இல் கண்டது. பல ஆண்டுகளாகக் கடுமையான நியூகாசில் நோய் இல்லாத நாடு அது. அங்குள்ள கோழிகளிடம் ஊறு செய்யாத உள்ளூர் வைரஸ் மட்டும் உலவிக்கொண்டிருந்தது. சிட்னி அருகே ஒரு பண்ணையில் திடீரென்று கோழிகள் மடியத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வைரஸ் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்ததில், அந்த உள்ளூர்ச் சாதுவே வெட்டுமிடத்தில் மாறிக் கொடியதாகிவிட்டிருந்தது. 1999இல் மாங்குரோவ் மலைப்பகுதியில் அது பரவியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஒரு கோழியின் உடலில் நியூகாசில் வைரஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை பாதிச் செய்தியே. அது தடுப்பூசியில் போட்ட வைரஸாகக்கூட இருக்கலாம். இருப்பது எந்த வகை என்பதே முக்கியம்.

பண்ணையில் முதலில் கிடைப்பது சந்தேகம்தான். கண்ணால் பார்க்கும் அறிகுறிகளை வைத்து அனுபவசாலிகள் பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கிறார்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்கும் மருத்துவர் தேடுவது இரண்டு இடங்களை. அரைவைப்பைக்கு முன்னால் உள்ள சுரப்பி இரைப்பையைப் பிளந்து விரித்தால் உட்சுவரில் புள்ளி புள்ளியாகச் சுரப்பி வாய்கள் தெரியும். இராணிக்கெட் என்றால் அந்தப் புள்ளிகளின் நுனியில் இரத்தக் கசிவு இருக்கும். குடலின் கடைசியில் பெருங்குடல் வால்கள் இரண்டும் சேருமிடத்தில் இருக்கும் சதைத் திரட்சியும் இரத்தம் கட்டிப் புண்ணாகியிருக்கும். இவை இரண்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் உறுதியாகாது, ஏனென்றால் பறவைக் காய்ச்சலும் இதே இடங்களில் இதே தடயத்தை விட்டுச் செல்லக்கூடியது.

இந்தக் குழப்பத்துக்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம், நவாபூரில் கோழிகள் ஆயிரக்கணக்கில் சாகத் தொடங்கின. இராணிக்கெட் என்றே முதலில் பலரும் நினைத்தார்கள், வழக்கமாக வருவதுதானே. மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குச் சென்றன. பிப்ரவரியில் வந்த முடிவு எச்5என்1 பறவைக் காய்ச்சல். இந்தியக் கோழிகளில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. இராணிக்கெட் வைரஸ் மனிதருக்கு வழக்கமாகச் செய்வது கண் சிவந்து நீர் வடிவது, அதுவும் பெரும்பாலும் தடுப்பூசி போடுகிறவர்களுக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும். சில நாளில் தானே சரியாகிவிடும். எச்5என்1 மனித உயிரையே எடுக்கக்கூடியது. கையுறை இல்லாமல் செத்த கோழியைத் தூக்குகிறவருக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடு அல்ல. கூட்டமாகக் கோழி செத்தால், நமக்குத் தெரிந்த சீக்குதான் என்று விட்டுவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய முதல் காரணம் இதுவே.

ஆய்வகத்தில் நடப்பது பொறுமையான வேலை. மூச்சுக்குழாயிலும் கழிவாயிலும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியை, நோய்க்கிருமி இல்லாத கூட்டத்திலிருந்து வந்த ஒன்பது முதல் பதினோரு நாள் அடைமுட்டைக்குள் செலுத்துகிறார்கள். வைரஸ் இருந்தால் முட்டைக்குள் பெருகும். அந்த நீரைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிண்ணத்தின் அடியில் வலை போலப் பரவும். இராணிக்கெட்டுக்கான எதிர்ப்புப் புரதத்தைச் சேர்த்ததும் அந்த ஒட்டல் தடுக்கப்பட்டால் வந்திருப்பது இராணிக்கெட்தான். எச்.ஐ. சோதனை என்று பண்ணைக்காரர்கள் சொல்வது இதைத்தான். கிருமி எவ்வளவு கொடியது என்று அறிய முன்பெல்லாம் ஒருநாள் குஞ்சுகளின் மூளைக்குள் செலுத்தி, எத்தனை சாகின்றன, எவ்வளவு வேகமாகச் சாகின்றன என்று கணக்கிட்டார்கள். பூஜ்யம் முதல் இரண்டு வரையான அந்த அளவுகோலில் 0.7ஐத் தொட்டால் உலக விலங்கு நல அமைப்புக்கு அறிவிக்க வேண்டிய கொடிய வகை. இப்போது பி.சி.ஆர். மூலம் மரபணுவைப் பெருக்கி, முன்பு சொன்ன அந்த வெட்டுமிடத்தை நேரடியாகப் படித்துவிடலாம். நாட்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிகிறது.

ஆனால் இவ்வளவும் நடக்க, செத்த கோழி ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டும். கிராமத்தில் நடப்பதோ வேறு. செத்ததை ஓடையிலோ குப்பைமேட்டிலோ வீசுகிறார்கள்; நாயும் காக்கையும் இழுத்துப் போகின்றன. இன்னும் சாகாதவற்றை, முதலுக்கு மோசம் வரும் முன் காசாக்கிவிடலாம் என்று அன்றைக்கே வாரச்சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். வறுமையில் எடுக்கும் முடிவு அது, குறை சொல்வது எளிதல்ல. பத்துக் கோழி என்பது பல வீடுகளில் பெண்கள் கையில் இருக்கும் ஒரே சேமிப்பு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் பேருந்துக் காசும் அதிலிருந்து வருவதுதான். ஆனால் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தெரிய இரண்டு நாள் முதல் பதினைந்து நாள் வரை ஆகலாம். சந்தையில் நல்ல கோழியாகத் தெரிவது ஐந்தாறு நாளில் இன்னொரு ஊரில் தூங்கி விழும். ஒரு தெருவில் அணைந்திருக்க வேண்டியது இப்படித்தான் பத்து ஊருக்குப் போகிறது. அடித்துச் சமைத்தால் நன்றாக வெந்த கறியில் வைரஸ் இருக்காது. ஆனால் புறக்கடையில் வீசிய குடலும் இறகும் கழுவிய நீரும் அடுத்த வீட்டுக் கோழிக்குப் போதும்.

கோழி தவிர மற்ற வழிகளையும் இந்த வைரஸ் விடுவதில்லை. எச்சத்தில், சளியில், எச்சிலில் வெளியேறி, முட்டை அட்டை, தீவன மூட்டை, வண்டிச் சக்கரம், செருப்பு என்று எதிலும் ஒட்டிப் போகும். 1984இல் பிரிட்டனில் பல பண்ணைகளில் நோய் வெடித்தபோது ஆராய்ந்ததில், லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் சேமித்திருந்த தீவனப் பொருளில் புறாக்கள் எச்சமிட்டதே மூலம் என்று தெரிந்தது. கலிபோர்னியாவில் 1971இல் வந்த பெரும் தொற்று வெளிநாட்டிலிருந்து வந்த வளர்ப்புக் கிளிகளோடு வந்தது. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பறவைகளை அழித்த பிறகே, 1973க்குள் ஓய்ந்தது. அதே மாநிலத்தில் 2018இல் மறுபடி வந்தபோது முதலில் அகப்பட்டவை வீட்டுப் புறக்கடையில் வளர்த்த கோழிகள். 12 லட்சத்துக்கும் மேலான பறவைகளை இழந்து, தடை உத்தரவுகள் நீங்க 2020 ஜூன் ஆயிற்று. செல்வமும் ஆய்வகமும் நிறைந்த ஊரிலும் கொல்லைப்புறக் கோழியிலிருந்தே தீ பற்றுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோய் வந்த கோழிக்கு மருந்து இல்லை. வைரஸைக் கொல்லும் மாத்திரை எதுவும் கோழிக்குப் புழக்கத்தில் இல்லை. மருந்துக் கடையில் வாங்கிக் கலக்கும் ஆன்டிபயாட்டிக் பின்னால் வந்து சேரும் பாக்டீரியாவைக் கொஞ்சம் தடுக்குமே தவிர இந்தக் கிருமியைத் தொடாது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அது கோழிக்குத் தெம்பு தரலாம், கொடுப்பதில் தவறில்லை. அதை நம்பித் தடுப்பூசியை விடுவதுதான் தவறு.

தடுப்பூசி விஷயத்தில் நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகள் நல்ல பாடம். அங்கே லட்சக்கணக்கில் கோழிகள் கூண்டில் நிற்கின்றன; ஒரு முறை தவறினால் பண்ணையே போய்விடும் என்பதால் யாரும் அலட்சியம் காட்டுவதில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் ஆர்.2.பி. ஊசி, முட்டைக்கு வரும் முன் இன்னொன்று என்று அட்டவணை ஓடும். இடையிடையே இரத்தம் எடுத்து எச்.ஐ. அளவு பார்த்து, எதிர்ப்புச் சக்தி இறங்கும் முன் அடுத்ததைப் போடுகிறார்கள். குஞ்சுக்கு ஊசி போடாமல் கண்ணில் சொட்டு விடுவதற்குக் காரணம் உண்டு. தாய்க்கோழி தந்த எதிர்ப்புப் புரதம் மஞ்சள் கரு வழியாக வந்து இரண்டு மூன்று வாரம் குஞ்சின் இரத்தத்தில் இருக்கும். ஊசியில் போகும் வைரஸை அதுவே செயலிழக்கச் செய்துவிடும். கண்ணில் விட்டால் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி அதை நேரே அடையாளம் கண்டு, கிருமி நுழையும் வாசலான மூச்சுப் பாதையிலேயே காவல் போடுகிறது. ஆர்.2.பி.யோ வீரியம் மிகுந்தது. ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்கு அதைப் போட்டால் தடுப்பூசியே நோயாகிக் கால் விழுந்துவிடும்.

இப்படி ஒழுங்காகப் போட்ட பண்ணையிலும் வைரஸ் வரவே வராது என்று சொல்ல முடியாது. தடுப்பூசி கோழியைச் சாவிலிருந்து காக்கிறது. தொற்றையும் எச்சத்தில் கிருமி வெளியேறுவதையும் முழுதாக நிறுத்துவதில்லை. சாவே இல்லாமல் முட்டை எண்ணிக்கை மட்டும் திடீரென்று சரிந்து, ஓடு மெலிந்து, வெளுத்த முட்டைகள் வருகின்றன என்றால் நாமக்கல் பண்ணைக்காரர் தீவனத்தை மட்டும் சந்தேகிப்பதில்லை. இரத்த மாதிரியையும் அனுப்புகிறார்.

புறக்கடையில் சிக்கல் வேறு. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூறு, இருநூறு கோழிகளுக்கான மருந்து இருக்கும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்துக் கோழிக்காக யார் குப்பியை உடைப்பது? 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டிய உயிருள்ள வைரஸ், சித்திரை வெயிலில் சட்டைப் பையில் வந்தால் ஊருக்கு வரும் முன்பே செத்துவிடும். செத்த மருந்தைப் போட்டுவிட்டு, ஊசி போட்டும் கோழி செத்தது என்று ஊர் பேசும். தண்ணீரில் கலந்து கொடுக்கும்போதும் இதே கதை. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும். அதனால் கிணற்று நீரில், லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, ஒரு மணி நேரம் தாகத்தில் விட்ட கோழிகளுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

இந்தத் தடையை உடைக்கப் பெரும் உழைப்பு நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோ தலைமையில் உருவான ஐ-2 என்ற தடுப்பு மருந்து வெப்பத்தைத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத தான்சானியா, மொசாம்பிக் கிராமங்களில் அதைக் கண்ணில் சொட்டாக விட்டு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை திரும்ப விட்டுக் கோழிகளைக் காக்கிறார்கள். பல ஊர்களில் மருந்து விடுகிறவர்கள் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு தீனியாகக் கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவில் ஒரு இராணிக்கெட் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. மரத்தில் அடையும் நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடிக்கும் பாடு அதில் இல்லை. 1932இல் தொடங்கிய இராணிப்பேட்டை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் மாநிலத்துக்கு வேண்டிய கோழி மருந்தைத் தயாரிக்கிறது. வெயில் ஏறும் முன், பிப்ரவரியில் கால்நடைத் துறை இருவார முகாம் நடத்துகிறது. அப்போது தெருவே சேர்ந்து போடுவது நல்லது. ஒரு வீடு போட்டு ஒன்பது வீடு விட்டால் கிருமிக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். நோய் கண்ட கோழிக்கு ஊசி போடுவதில் பயனில்லை.

எல்லாவற்றையும் மீறி முதல் கோழி செத்துவிட்டால், செய்ய வேண்டியது அன்றைக்கே. மிச்சக் கோழிகளை அடைத்து வைப்பது, விற்காமலிருப்பது, புதியதை வாங்காமலிருப்பது. செத்ததை நெகிழிப் பையில் இரண்டு மடிப்பாகக் கட்டி, உறைய வைக்காமல் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுப்பது. அங்கிருந்து மாவட்டத்தின் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கும், நாமக்கல் பக்கமானால் அங்குள்ள கோழிநோய் ஆய்வகத்துக்கும் போகும். மற்றவை சாகச் சாக ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கூட்டைக் கழுவுவதிலும் ஒரு முறை உண்டு: எச்சமும் குப்பையும் இருக்கும்வரை எந்தக் கிருமிநாசினியும் வைரஸைத் தொடாது. முதலில் சுரண்டி எடுத்து எரித்துவிட்டு, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச்சிங் பொடிக் கரைசல் தெளித்து, நன்றாக வெயில் பட விட வேண்டும். கொழுப்புறை போர்த்திய இந்த வைரஸுக்குச் சோப்பும் வெயிலும் ஆகாது. புதுக் கோழி வாங்கினால், அது எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், இரண்டு மூன்று வாரம் வேறிடத்தில் கட்டி வைத்துப் பார்த்த பிறகே பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டும். மருந்தகத்துக்குப் போகும்போது கடைசியாக என்ன தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டது, எத்தனை கோழியில் எத்தனை செத்தது, முதல் சாவு என்றைக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அறுவைச் சோதனைக்கு முன்பே மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.